வேம்புலியம்மாளும் கிழிகாதியும்

1986-ஆம் வருஷம் மே மாதம் நாலாம் தேதி காலையில் மண்ணூர்பேட்டைக்குள் ஒரு மெட்டடார் வேன் வந்து நின்றது. நாலு நாளைக்கு முன்னால் அதே வேன்தான் எங்கள் கம்பெனி ஆட்கள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கும் முதுமலைக்கும் போனது. மே தின லீவோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு போன டூர். திரும்பி வந்தபோது பத்துப் பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். துலுக்கானத்தைப் பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் சின்னக் கம்பெனி அது. துலுக்கானம் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தான். நான் அங்கே டைம்கீப்பர். அவன் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித்தான் நான் குடியிருந்தேன். அதனால் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன்.

அவன் மனைவி வேம்புலியம்மாள் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. வானகரத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவள், அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, சொர்ணம்.

வேனிலிருந்து இறங்கிய துலுக்கானத்தின் கூட்டாளி தசரதன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஆனை அட்ச்சிடுச்சிம்மா."

அவளுக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் யானை என்றால் வருஷத்துக்கு ஒருதரம் மணியாட்டிக்கொண்டு தெருவில் வந்து, தும்பிக்கையால் தலையைத் தொட்டுவிட்டுப் போகும் கோயில் யானைதான்.

"எந்தக் கோயில் ஆனைண்ணா?" என்று கேட்டாள்.

அவள் குடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

என்ன நடந்தது என்பதைப் பத்துப் பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மசினகுடி தாண்டிக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தினார்களாம். துலுக்கானம் ஒண்ணுக்குப் போக இறங்கினானாம். புதருக்குள் யானை இருந்தது யாருக்கும் தெரியவில்லையாம். சும்மா நின்றவனை ஓடிவந்து அடித்துவிட்டதாம்.

ஒரு பேப்பரில் மட்டும் வேறு மாதிரி வந்தது. 'குடிபோதையில் யானையைச் சீண்டிய சென்னைத் தொழிலாளி பலி' என்று நாலு வரி. டீக்கடையில் அதை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, வேம்பு காதிலும் விழுந்துவிட்டது. துலுக்கானம் முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்துச் செத்துப் பிழைத்தவன். அதன் பிறகு அவன் குடித்ததே இல்லை. அவன் போனதற்கு அழுததைவிட அந்த நாலு வரிக்கு அவள் அதிகம் அழுதாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

காரியம் முடிந்த மறுநாள் கம்பெனி ஆட்கள் அவள் வீட்டு வாசலில் கூடினார்கள். எல்லாரும் கொதித்துப்போயிருந்தார்கள். "அந்த ஆனைய உட்டுவெக்கக் கூடாது" என்றான் ஒருவன். "இன்னிக்கு இவன், நாளிக்கி எவனோ" என்றான் இன்னொருவன். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று மனு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். 'எந்தக் காரணமும் இல்லாமல், சாலையோரம் நின்றிருந்த தொழிலாளியைத் தாக்கிக் கொன்ற வெறிபிடித்த யானையை உடனடியாகச் சுட்டுக் கொல்ல வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன்.' வேம்புவிடம் நீட்டினேன். அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை முழுசாக எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, "சுட்டுருவாங்க இல்ல சார்?" என்று கேட்டாள்.

"சுட்டுருவாங்கம்மா" என்றேன்.

ஒரு பிரதி வனத்துறைக்கும் ஒரு பிரதி பேப்பருக்கும் போனது. மசினகுடிப் பக்கத்து ஊர்களுக்குப் போகும் பதிப்பில், அவள் பெயரோடு அது வெளிவந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கம்பெனி அவளுக்குப் பேக்கிங் செக்‌ஷனில் வேலை கொடுத்தது. எண்ணெய் பூசின ஸ்பிரிங்குகளை எடைபோட்டுக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஊர் அவளைச் சும்மா விடவில்லை. யாராவது லாரியில் அடிபட்டுச் செத்தால் ஜனங்கள் நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அம்பத்தூர்க்காரன் யானை மிதித்துச் செத்தான் என்றால் மறப்பார்களா? ரேஷன் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், புதிதாகப் பார்க்கிற எவளோ ஒருத்தி, "நீதானா அது? எப்புடிம்மா ஆச்சு?" என்று ஆரம்பிப்பாள். தெருவில் அவளுக்கு 'ஆனைக்காரி' என்று பெயரே விழுந்துவிட்டது. தபால்காரர்கூட 'ஆனைக்காரி ஊடு' என்றுதான் கேட்பார். சொர்ணம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பிள்ளைகள் கையைத் தும்பிக்கை மாதிரி மூக்கில் வைத்துக்கொண்டு அவளைத் துரத்தியிருக்கிறார்கள்.

ஒரு தடவை, தொண்ணூறிலோ என்னவோ, கோயில் யானை ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. கிழட்டு யானை. பாகன் முன்னால் நடக்க, அது கண்ணீர் வழிய ஒவ்வொரு வாசலாக நின்று நின்று வந்தது. வேம்பு உள்ளேயிருந்து விறகுக்கட்டையோடு ஓடிவந்து அதன் நெற்றியைப் பார்த்து வீசினாள். கட்டை காதோரம் பட்டது. யானை ஒன்றும் செய்யவில்லை, இரண்டடி பின்வாங்கியது, அவ்வளவுதான். பாகன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவளை நாலு பெண்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். "என் புருசன் இன்னா பண்ணான் ஒன்ன? இன்னா பண்ணான்?" என்று அவள் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

இப்படியே ஒன்பது வருஷம் போனது.

1995 ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தசரதன் அவள் வீட்டுக்கு வந்தான். துலுக்கானத்தோடு ஒரே மெஷினில் மாறி மாறி வேலை செய்தவன். அவன் செத்த பிறகு சொர்ணத்துக்குத் தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுத்துக் கொடுத்தவன். அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"உள்ள வா அண்ணாத்தே. இன்னா இப்புடி எளச்சிட்ட?" என்றாள் வேம்பு.

அவன் உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து நீட்டினான். உள்ளே ஒரே ஒரு போட்டோ.

அதை நானும் பின்னால் பார்த்தேன். கட்டம்போட்ட சட்டையில் துலுக்கானம் நிற்கிறான். ஒரு கை இடுப்பில். சிரிக்கிறான், ஆனால் முகம் பாதி திரும்பியிருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறவன் மாதிரி. பின்னால் புழுதி நிறத்தில் ஒரு பெண் யானை, காதை விரித்துக்கொண்டு. அதன் வயிற்றுக்குக் கீழே நாலு சின்னக் கால்கள். போட்டோவின் ஓரத்தில் ஒரு மைல்கல்.

"என் மச்சான் துபாய்லேந்து கொண்டாந்த கேமராம்மா அது. நான்தான் எடுத்தேன்" என்றான் தசரதன். "அவன் எறங்கமாட்டேன்னுதான் சொன்னான். 'குட்டி கீது மாமே, வேணாம்'னான். நான்தான் 'சொர்ணத்துக்குக் காட்டலாம் வாடா'ன்னு சட்டையப் புட்ச்சி இஸ்தேன். அது பாட்டுக்கு அந்தாண்ட திரும்பிகினு போய்கினு இருந்துச்சி. மூஞ்சி தெரியலன்னு டிரைவர ஹாரன் அடிக்கச் சொன்னேன். எல்லாரும் விசிலடிச்சாங்க. அது திரும்பிச்சி. 'இன்னும் ரெண்டடி பின்னால போடா'ன்னேன்."

"போனாரா?"

"போனான்."

வேம்பு போட்டோவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "குட்ச்சிருந்தாரா?"

"இல்லம்மா. நாங்கதான் குட்ச்சிருந்தோம்."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. பதிமூன்று வயது சொர்ணம் எழுந்து போய் இறக்கி வைத்தாள். தசரதன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, மலையிலிருந்து இறங்குவதற்குள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே பேச்சாகப் பேசி வைத்துக்கொண்டார்களாம். மற்ற படங்களையெல்லாம் எரித்துவிட்டான். இதை எரிக்கக் கை வரவில்லையாம்.

"ஒம்போது வருசமா என் ஊட்டாண்ட வந்துகினு போய்கினு கீறியே, எப்புடிண்ணா முடிஞ்சிச்சி ஒனுக்கு?" என்று கேட்டாள் வேம்பு. பிறகு, "போ. எழுந்து போ" என்றாள்.

மறுநாள் ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், அன்னிக்கு ஒரு மனு எழுதினியே. அது கீதா?"

கார்பன் பிரதி ஃபைலில் இருந்தது. எடுத்துப் படித்துக் காட்டினேன்.

"'எந்தக் காரணமும் இல்லாம'ன்னு எழுதிகீற."

"அவங்க சொன்னதத்தாம்மா எழுதினேன்."

"நானும் அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்." ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அத சுட்டுட்டாங்களா சார்?"

எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அதைப் பற்றி யாரையும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை அவளிடம் சொல்லக் கூசியது. ஆனாலும் சொன்னேன்.

மே மாதம் சொர்ணத்துக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு வேம்பு ஊட்டி பஸ் ஏறினாள். தசரதனையும் இடம் காட்டக் கூப்பிட்டிருக்கிறாள். "என்னால அங்க வர முடியாதும்மா" என்றுவிட்டான். அங்கே நடந்ததை அவள் வந்து சொன்னபடியே எழுதுகிறேன்.

மசினகுடியில் இறங்கி, போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை, செக்போஸ்ட் என்று கேட்டிருக்கிறாள். மைல்கல்லைப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள். ஒருவர், "பழைய ஃபாரஸ்ட் வாட்சர் மாதனைக் கேளுங்க" என்று கைகாட்டினார். யானை முகாமுக்கு வெளியே ஓட்டு வீடு ஒன்றில் இருந்தார் மாதன். ஐம்பது வயதிருக்கும். காட்டையே ஊராகக் கொண்ட ஜனங்களில் ஒருவர். போட்டோவை வாங்கிப் பார்த்தவர் மைல்கல்லைப் பார்க்கவில்லை, துலுக்கானத்தையும் பார்க்கவில்லை.

"அட, கிழிகாதி!" என்றார்.

இடது காதின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி கிழிந்திருப்பதைத் தொட்டுக் காட்டினார். அதை வைத்துத்தான் வனக் காவலாளிகள் அந்த யானைக்கு இந்தப் பெயர் வைத்திருந்தார்கள்.

"இவ எங்க இப்போ?" என்று கேட்டாள் வேம்பு.

மாதன் சொன்னார். "இவ அந்த ஆளை அடிச்ச அன்னைக்கே ரேஞ்சர் ஐயா வந்து தடம் பார்த்தாரு. குட்டிக்கு மூணு மாசம்தான், வண்டியில வந்தவங்க தாயையும் குட்டியையும் மறிச்சிருக்காங்க, இது வெறி இல்லைன்னு எழுதிக் கொடுத்தாரு. சுடறதுக்கு உத்தரவு வரல. ஆனா பேப்பர்ல வந்துடுச்சு. வெறிபிடிச்ச யானை, செத்தவன் சம்சாரமே சுடச் சொல்லுதுன்னு. அப்புறம் இவ தலையைக் கண்டாலே ஜனங்களுக்குப் பயம். முன்னெல்லாம் தோட்டத்து ஓரமா போனா தகரத்தைத் தட்டுவாங்க, போயிடுவா. அதுக்கப்புறம் வெடி, தீப்பந்தம். யாரோ நாட்டுத் துப்பாக்கியால சுட்டுட்டாங்க. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. முன்னங்கால் முட்டியில பட்டுச்சு."

"ஒடனே செத்துடுச்சா?"

"இல்லம்மா. பத்தொம்பது நாள் ஆத்துல நின்னா. தண்ணியில நின்னா கால்ல பாரம் தெரியாது பாருங்க, அதுக்கு. டாக்டர் வந்தாரு, கிட்ட விடல. குட்டி கரைக்கும் தண்ணிக்குமா ஓடிட்டே இருந்துச்சு. இருபதாம் நாள் காலையில பார்த்தா படுத்துட்டா."

குட்டியை முகாமுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பால் பவுடர் கரைத்துக் கொடுத்தது மாதன்தான்.

"என் விரலை வாயில வச்சுச் சப்பிக்கிட்டே இருக்கும். பால்தான் உள்ள நிக்கல. ஒம்போது நாள் இருந்துச்சு."

"இன்னா பேரு வெச்சீங்க அதுக்கு?"

"பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சு."

வேம்பு அவர் முகத்தைப் பார்த்து, "அந்த சம்சாரம் நான்தாங்க" என்றாள்.

மாதன் போட்டோவை இன்னொரு தரம் பார்த்தார். இந்தத் தடவை மனுஷனைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, இரண்டு பேருக்கும் டீ போடச் சொன்னார்.

கிழிகாதி நின்ற ஆற்று வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. கோடையில் ஆறு முழங்காலளவுதான் ஓடியது. மைல்கல்லையும் காட்டினார். வேம்பு முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்த கற்பூரத்தை எடுத்தபோது, "வேண்டாம்மா, காஞ்ச காடு, ஒரு பொறி போதும்" என்றார். திரும்ப முடிந்துகொண்டாள். வாங்கிப்போயிருந்த வாழைப்பழத்தையும் வைக்கக்கூடாது என்றுவிட்டார், யானை அதற்குப் பழகிச் சாலைக்கே வந்து நிற்குமாம். அம்மாவும் பெண்ணும் வெறுமனே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் வனத்துறை வேனில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களோடு மாதன் அவர்களையும் ஏற்றிவிட்டார். ஒரு திருப்பத்தில் யானைக் கூட்டம் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார். கூட்டத்தின் நடுவில் ஒரு குட்டி. முன்சீட்டில் கேமராவோடு இருந்த ஒருவர், யானைகள் முகத்தைக் காட்டவில்லை என்று கையை வெளியே விட்டு வேனின் தகரத்தை டப்டப்பென்று தட்டினார். வேம்பு எழுந்து பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுய்யா! அது திரும்புச்சின்னா இன்னா பண்ணுவ நீ? இன்னா பண்ணுவ?"

"யாரும்மா நீ?" என்று அவர் கோபமாகக் கேட்டார். அவள் பிடியை விடவில்லை. யானைகள் கடந்துபோகும் வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஏழு யானை என்று சொர்ணம் எண்ணினாளாம்.

"சார், அது குட்டிய காலுக்குள்ளயே வெச்சிகினு போச்சி சார்" என்று என்னிடம் சொன்னாள். "பஸ் ரோட்ல நான் சொர்ணத்தக் கூட்டிகினு போவேனே, அதே மாரி."

ஊருக்கு வந்ததும் இன்னொரு மனு எழுதச் சொன்னாள். நடந்தது நடந்தபடி எழுதினேன். அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் அப்போது கம்பெனியில் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குள் அவர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி என்னைப் படிக்கச் சொன்னாள். தசரதன் தலையைக் குனிந்துகொண்டே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். இன்னும் மூன்று பேர் போட்டார்கள். இரண்டு பேர், "இத்தினி வருசம் கழ்ச்சி இன்னாத்துக்கும்மா இது" என்று கையைக் கழுவப் போய்விட்டார்கள். முதல் மனுவை எழுதியவன் என்று நானும் அடியில் கையெழுத்துப் போட்டேன். பேப்பரில் அது வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வனத்துறையிலிருந்து, கடிதம் கிடைத்தது, கோப்பில் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. துலுக்கானம் குடித்திருக்கவில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது. ஆனைக்காரி என்ற பெயர் போகவில்லை.

தொண்ணூற்றேழில் தசரதன் இறந்துபோனான். அவள் வருவாளா மாட்டாளா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தாள். பெண்களோடு உட்கார்ந்தாள். அவன் மனைவி எல்லம்மா அவள் மடியில் விழுந்து, "உன்ன நெனச்சிகினேதான் போனாரு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுடி, அந்தக் கட்ட வேகட்டும்" என்று அழுதாள்.

வேம்பு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எனுக்குத் தெர்லக்கா" என்றாள். "அந்தக் குட்டி ஒம்போது நாள் பால் குடிக்காம கெடந்துச்சாம். அதுல நானும் கீறேன், அவரும் கீறாரு. யார யாரு மன்னிக்கிறதுன்னு எனுக்குத் தெர்ல."

பாடையைத் தூக்கும் வரை இருந்துவிட்டு, மற்றப் பெண்கள் தீட்டுக் கழியத் தலைமுழுகப் போனபோது அவள் மட்டும் குளிக்காமலேயே வீட்டுக்கு நடந்துபோனாள்.